ரெண்டாம் ஆவி

ரங்கசாமி வாத்தியார் அன்றைக்குச் சென்ட் போட்டிருந்தார். அதுவே தேசப்பனுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. சித்திரை வெயில், வேர்வை, வாய் நிறைய வெற்றிலை, அதற்கெல்லாம் மேலே மல்லிகைச் சென்ட். கல்யாண வீட்டுப் பின்பக்கச் சாக்கடையில் அப்படி ஒரு வாடை வரும். இருபத்திரண்டு வருஷமாக அந்த மனுஷன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதால் வாத்தியாரின் வேர்வை நாற்றம் தேசப்பனுக்குப் பழகிப்போன சமாச்சாரம்தான். ஆனால் மெட்ராஸிலிருந்து காலேஜ் டீச்சரம்மா டேப் ரிக்கார்டரோடு வருகிறார்கள் என்றதும், வாசனையும் டேப்பில் ஏறும் என்று நினைத்துவிட்டாரோ என்னவோ, பாட்டிலையே கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"தேசா, டேசனுக்குப் போ. ஒம்போதே கால் வண்டியில வராங்க. மிசினு கனமா இருக்குமாம். தலையில வெச்சிக்கினு உசாரா எத்துக்கினு வா. எங்கனா போட்டு ஒடச்சிராத."

தேசப்பன் கிளம்பினான்.

அது எழுபத்திரண்டாம் வருஷம். செங்கல்பட்டு ஜில்லாவில் பம்பை அடிக்கிறவர்கள், உடுக்கைக் கதை சொல்கிறவர்கள், அம்மன் வர்ணிப்பு பாடுகிறவர்கள் எல்லாரையும் தேடிப்போய், எந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது, யார் கட்டினார்கள், யார் பாடினார்கள் என்று கேட்டு, அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்து டேப்பில் பிடித்து வைக்கிறார்களாம். மெட்ராஸில் ஒரு காலேஜில் ஆரம்பித்த காரியம். பொன்னேரியிலிருந்து எளாவூர் வரைக்கும் ஆடி மாசம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற இடமெல்லாம் ரங்கசாமி பம்பை கோஷ்டிதான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வாத்தியாருக்குத் தபாலில் கார்டு வந்தது. அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, டீக்கடையில் ஒருத்தர் பாக்கியில்லாமல் காட்டி முடித்தார்.

கோஷ்டியில் தேசப்பனுக்கு என்ன வேலை என்று சொல்லிவிட வேண்டும். அவன் சிலம்பு குலுக்குகிறான், ஆமா போடுகிறான். சிலம்பு குலுக்குவதை யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். ஆமா போடுவது அப்படியில்லை. வாத்தியார் ஓர் அடி பாடி நிறுத்துவார். அந்த இடைவெளியில், ஒரு மூச்சு முந்தாமல் பிந்தாமல், "ஆமா" விழவேண்டும். அம்மன் மலையேறினாள் என்றால் ஆமா. ஆயிரம் கண் திறந்தாள் என்றால் ஆமா. முந்தினால் அடி உடைந்துவிடும். பிந்தினால், சாமி வந்த சாக்கில் வாத்தியார் காலால் ஓர் எத்து விடுவார். இருபத்திரண்டு வருஷத்தில் தேசப்பன் ஒருநாளும் பிந்தியதில்லை. தெருவில் நாய் குரைத்து நிறுத்தினாலும் தூக்கத்திலேயே ஆமா போடுவான் என்று அவன் பெண்டாட்டி கேலி செய்வாள்.

அந்தப் பெண்டாட்டிதான் இந்தக் கதையில் விஷயமே. பேர் துலுக்காணம். துலுக்காணத்தம்மன் பேர். இந்தப் பக்கத்தில் ஆணுக்கும் வைப்பார்கள், பெண்ணுக்கும் வைப்பார்கள். அவள் பொன்னேரி ரைஸ்மில்லில் நெல் அவிக்கிறாள். விடியற்கால வண்டியைப் பிடித்துப் போய், தொட்டியில் ஊறின நெல்லை வாரி, ஆவியில் வேகவைத்து, களத்தில் கொட்டிக் காலால் துழாவி, சாயங்காலம் கண்ணெல்லாம் சிவந்து வந்து சேர்வாள். அந்தப் புகையில் நின்றுகொண்டு பாட்டும் கட்டுவாள். கோஷ்டி பாடுகிற பதினோரு வர்ணிப்பு அவள் கட்டினது. அவளுக்கும் எழுதத் தெரியாது, இவனுக்கும் தெரியாது. அவள் வீட்டில் பாடுவாள். இவன் மனசில் ஏற்றிக்கொண்டு போய் வாத்தியாரிடம் பாடிக் காட்டுவான். "நல்லாக்கீதுடா" என்பார் வாத்தியார். அத்தோடு அது வாத்தியார் பாட்டு.

ஒன்று மட்டும் அவள் விடாமல் செய்தாள். ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் தன் பேரை வைத்தாள். பாட்டுக் கட்டுகிறவர்கள் எல்லாரும் செய்கிற வழக்கம்தான். ஆனால் அவள் பேரைக் கேட்டதும் ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அம்மனைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக் கற்பூரம் காட்டினார்கள். முதலில் இதைக் கேட்டு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பத்து வருஷம் போனபின் சிரிப்பு நின்றுவிட்டது.

அன்று காலையில் அவள் மில்லுக்குப் போகவில்லை. நாஷ்டாவுக்குப் பழையதைப் பிழிந்து வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தாள்.

"யோவ், பாட்டு யாரு கட்னதுன்னு கேப்பாங்கதானே?"

"கேப்பாங்க."

"சொல்லு."

"சொல்றேன்."

"வாத்யாரு மூஞ்சிக்கு நேரா சொல்லுவியா?"

"சொல்றேன்னு சொல்றேன்ல. சும்மா பேஜாரு பண்ணாத."

"பேஜாரு இல்லய்யா. மில்லுல மேஸ்திரி என்ன 'ஏ நெல்லு'ன்றான். ரேசன் கார்டுல உன் பேருக்குக் கீழ பொண்டாட்டின்னு போட்டுக்கீது. கோயில்ல என் பேரு சாமிக்குப் போய்ச் சேருது. ஒரு எடத்துலயாச்சும் என் பேரு எனக்கு இருக்கட்டும். டேப்புல ஏறிட்டா அப்பால யாராலயும் மாத்த முடியாதாமே."

தேசப்பன் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தான். சத்தியமாக அவன் சொல்லத்தான் நினைத்தான். அதை மட்டும் நம்ப வேண்டும்.

டீச்சரம்மாவுக்கு முப்பது வயசுக்குள் இருக்கும். பேர் கிரேஸ். கழுத்தில் நூல் மாதிரிச் சங்கிலியில் சின்னச் சிலுவை. பகட்டு இல்லாத பெண். மிஷினைத் தேசப்பன் தலையில் ஏற்றும்போது ஒரு கை கொடுத்தார். டேஷனிலிருந்து ஊருக்கு வர கல்கத்தா ரோட்டைத் தாண்ட வேண்டும். செக்போஸ்ட்டில் லாரிகள் கண்ணுக்கு எட்டின மட்டும் நின்றுகொண்டிருந்தன. ஒரு லாரி வழிவிடும்வரை இரண்டு பேரும் ரோட்டோரத்தில் நின்றார்கள்.

"நீங்களும் பாடுவீங்களா?" என்று கேட்டார் கிரேஸ்.

"இல்லீங்கம்மா. நான் ஆமா போடறவன்."

கிரேஸ் சிரிக்கவில்லை. நோட்டை எடுத்து அங்கேயே எழுதிக்கொண்டார். பிறகு கேட்டார்: "பாட்டெல்லாம் யார் கட்டறாங்க?"

கேட்டுவிட்டார். பக்கத்தில் வாத்தியார் இல்லை, சென்ட் நாற்றம் இல்லை, ஒரு ஈ காக்கை இல்லை. தலையில் மிஷின், எதிரில் லாரி, பக்கத்தில் காது கொடுத்துக் கேட்கிற ஒரு மனுஷி. என் பெண்டாட்டி கட்டுகிறாள் என்று மூன்றே வார்த்தை. வாயைத் திறந்தால் முடிந்தது.

"அதெல்லாம் வாத்யாரு சொல்வாருங்க" என்றான் தேசப்பன்.

ஏன் அப்படிச் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை. வீட்டில் உறுதி சொன்ன வாய் அரை மைல் தாண்டுவதற்குள் இப்படிப் புரண்டுவிட்டதே என்று அவனுக்கே அருவருப்பாக இருந்தது. மற்றவர்கள் முன்னால் சொல்லிக்கொள்ளலாம், அதுதான் முறை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு நடந்தான்.

தெருவில் கரண்டு இருந்த மூன்று வீட்டில் வாத்தியார் வீடு ஒன்று. கூடத்தில் ஜமுக்காளம் விரித்து, பம்பைக்கும் உடுக்கைக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, வாத்தியார் கோஷ்டிக்கு நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். கிரேஸ் மிஷினைத் திறந்து இரண்டு பெரிய சக்கரத்தில் நாடாவைச் சுற்றி மாட்டினார். ஸ்டூல் மேல் மைக்கை வைத்தார். வாத்தியாரின் சம்சாரம் கனகாம்பாள் காபி கொண்டுவந்தாள். ஜன்னல் முழுக்கத் தலைகள். அதில் ஒரு தலை துலுக்காணம்.

தேசப்பன் வழக்கமான இடத்தில், வாத்தியாரின் இடது முட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றார் கிரேஸ். சக்கரம் சுற்ற ஆரம்பித்தது.

வாத்தியார் தொண்டையைச் செருமினார். ஜன்னலுக்கு வெளியே ஒரு தரம் வெற்றிலைச் சாற்றைத் துப்பினார். அங்கே நின்றவர்கள் விலகிக்கொண்டார்கள். பிறகு ஆரம்பித்தார், பேச்சாக இல்லை, கதை சொல்கிற ராகத்தில்.

"எனக்கு எட்டு வயசும்மா. ஆத்தா என் கனவுல வந்தா."

"ஆமா."

"நாக்க நீட்டுடா ரங்கசாமின்னா. வேப்பங்குச்சியால நாக்குல எழுதினா."

"ஆமா."

"அன்னையிலேருந்து எனக்குப் பாட்டு தானா ஊறுது. நான் கட்றதில்லம்மா, ஆத்தா கட்றா. என் வாயில கட்றா."

"ஆமா."

மூன்றாவது ஆமாவுக்குப் பிறகுதான் தேசப்பனுக்கு உறைத்தது. ஐயையோ, இது பாட்டில்லையே, பேட்டியாச்சே. ஆனால் வாத்தியார் ஒவ்வொரு வாக்கியத்தையும் ராகமாக இழுத்து, அந்த ஒரு மூச்சு இடத்தை விட்டு நிறுத்துகிறார். அந்த இடம் வந்ததும் வாய் தானாகத் திறக்கிறது. பல்லைக் கடித்துப் பார்த்தான். தொண்டைக்குள்ளிருந்து முனகலாக வந்தது. அண்டப்புளுகும் ஆகாசப்புளுகுமாக அந்த ஆள் வாய் கூசாமல் அளந்துவிட, இவன் ஒவ்வொன்றுக்கும் முத்திரை குத்திக்கொண்டிருந்தான். எட்டு வயசில் ரங்கசாமி எளாவூர் டேஷனில் முறுக்கு விற்றுக்கொண்டிருந்தது ஊருக்கே தெரியும். கனவில் வந்தாளாம் ஆத்தா. வேறு வேலை இல்லை ஆத்தாளுக்கு.

"ஒரு பாட்டுப் பாடிக் காட்டுங்க" என்றார் கிரேஸ்.

பம்பை முழங்கியது. வாத்தியார் எடுத்தது, எல்லா ஊரிலும் ஜனங்கள் கேட்டு வாங்குகிற பாட்டு.

ரெண்டாம் ஆவி வருமுன்னே – தாயே
ரெண்டு கண்ணும் திறந்திடம்மா
வாய்பிளந்த நெல்லுபோல – தாயே
வாசலிலே நிக்கிறேம்மா
தொட்டிக்கரை துலுக்காணம் – தாயே
தொட்டழுத பாட்டிதம்மா

கடைசி அடியில் வாத்தியார் அழுதார். அழுகை என்றால் அசல் அழுகை மாதிரியே இருக்கும். மூக்கைச் சிந்தி வேட்டி முனையில் துடைத்தார். அந்த வேட்டி முனை தேசப்பன் தொடையில் கிடந்தது. அவன் காலைச் சுருட்டிக்கொண்டான்.

கிரேஸ் நோட்டைப் பார்த்தபடி கேட்டார்: "ரெண்டாம் ஆவின்னு வருதே, அது என்ன அர்த்தம்?"

வாத்தியார் தேசப்பனைப் பார்த்தார். இருபது வருஷமாகப் பாடுகிற பாட்டு. ஒருநாளும் அவர் அதற்கு அர்த்தம் கேட்டதில்லை. தேசப்பனுக்குத் தெரியும். மில்லில் நெல்லை ஒருமுறை அவித்து, தொட்டித் தண்ணீரில் ஊறவிட்டு, மறுபடி அவிப்பார்கள். அதுதான் ரெண்டாம் ஆவி. இரண்டாம் ஆவியில் நெல் வாய்பிளந்த உடனே இறக்கிவிட வேண்டும். கொஞ்சம் அசந்தால் எல்லாம் குழைந்துபோகும், மேஸ்திரி தோலை உரிப்பான். பிள்ளைக்கு அம்மை போட்டிருந்த வருஷம், நெல்லுக்கு முன்னால் நின்றுகொண்டு, இது வேகிறதுக்குள்ளே கண்ணைத் திறந்து என் பிள்ளையைப் பார் என்று அம்மனைக் கேட்டாள் துலுக்காணம். அம்மன் பார்க்கவில்லை. பிள்ளை போய்விட்டது. பாட்டு மட்டும் நின்றது.

வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார்.

"அது பெரிய தத்துவம்மா. மொதல் ஆவி இந்த ஒடம்புல கீற உசுரு. ரெண்டாம் ஆவி மறுபிறவி."

"ஆமா."

"மறுபிறவி எடுக்கறதுக்கு முன்னால எனக்கு மோட்சம் குடு தாயேன்னு கேக்கறேன்."

"ஆமா."

"வாய்பிளந்த நெல்லுன்னா ஞானம். உள்ள அரிசி தெரியுது பாருங்க. அது ஆத்மா."

"ஆமா."

தூ. செத்துப்போன பிள்ளையை ஒருத்தன் எச்சில் வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கிறான், பக்கத்தில் உட்கார்ந்து பெற்ற அப்பன் தாளம் தப்பாமல் ஆமா போடுகிறான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பிடுங்கிக்கொள்ளவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்க்கவும் தைரியம் இல்லை.

"தொட்டிக்கரை துலுக்காணம்?" என்றார் கிரேஸ்.

"ஊருக்கு மேற்கால ஒரு தொட்டி இருந்துச்சும்மா. எங்க நைனா காலத்துல. அதுங்கரையில ஆத்தாளுக்குக் கோயிலு. வெள்ளத்துல போய்டுச்சு."

மேற்கே தொட்டியும் கிடையாது, கோயிலும் கிடையாது. இல்லாத கோயிலைக் கட்டி, அதை வெள்ளத்திலும் விட்டுவிட்டார் மனுஷன். ஆமா என்றான் தேசப்பன்.

அரை மணி நேரம் ஆயிற்று. கிரேஸ் மிஷினை நிறுத்தி, "எல்லாரும் ஒரு தரம் கேளுங்க, ஏதாவது தப்பா இருந்தா சொல்லுங்க" என்று நாடாவைப் பின்னால் ஓட்டினார். எல்லா ஊரிலும் அவர் அப்படித்தான் செய்வாராம். பேசினவர்கள் காதில் போட்டுக் காட்டாமல் எடுத்துக்கொண்டு போகமாட்டாராம். ஜன்னலில் இருந்த ஜனங்கள் உள்ளே வந்து சுவரோரம் உட்கார்ந்தார்கள். மிஷின் பேச ஆரம்பித்ததும் ஆளுக்கு ஆள் சிரித்துக்கொண்டார்கள்.

முதலில் வாத்தியார் குரல். அதன் பின்னால் ஓர் ஆமா. தேசப்பன் தன் குரலை அதற்கு முன்னால் வெளியிலிருந்து கேட்டதே இல்லை. வழவழவென்று, எண்ணெய் தடவின மாதிரி, கூழைக்கும்பிடு போடுகிற குரல். ஒவ்வொரு பொய்க்கும் பின்னால் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவருகிற குரல். இதுவா நான் என்று நினைத்தான். பம்பைச் சத்தத்தில் இத்தனை வருஷமாக அது கேட்காமல் போயிருக்கிறது. இப்போது பம்பை இல்லாமல் அம்மணமாகக் கேட்டது.

மறுபிறவி வந்தது. ஆமா. ஞானம் வந்தது. ஆமா.

"நிறுத்தும்மா" என்றாள் துலுக்காணம்.

அவள் சுவரோரத்திலிருந்து எழுந்து வந்திருந்தாள். கத்தவில்லை. மில்லில் பாய்லர் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகின குரல், அவ்வளவுதான். கிரேஸ் மிஷினை நிறுத்தினார்.

"பாட்ட எத்துக்கினு போனாரு, போட்டும். கோயிலு கட்னாரு, அதுவும் போட்டும். ரெண்டாம் ஆவின்னா மறுபிறவின்றாரே, அத எப்டிம்மா கேட்டுக்கினு இருக்கறது? நெல்ல ரெண்டாவது தபா அவிக்கறதும்மா அது. நான் பொன்னேரி மில்லுல அவிக்கறேன். என் பையன் அம்மை போட்டு ஊட்ல கெடந்தான். மேஸ்திரி உடல. நெல்லு வாய்பிளக்கறதுக்குள்ள கண்ணத் தெற ஆத்தான்னு நின்னுக்கினே கட்னது. தொட்டிக்கரன்னா மில்லுத் தொட்டி. துலுக்காணம்னா நான்."

கிரேஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாடாவைப் பேச்சு முடிந்த இடத்துக்கு ஓட்டி, மைக்கை எடுத்து, ஒரு குமிழியைத் திருகினார். சக்கரம் மறுபடி சுற்றியது.

ரங்கசாமி வாத்தியார் லேசுப்பட்ட ஆள் இல்லை. கோபமே படவில்லை. உதட்டை விரித்துச் சிரித்தார், பல்லெல்லாம் சிவப்பு.

"பாவம்மா, பையன் போனதுலேருந்து தங்கச்சிக்கு அப்பப்போ மனசு ஒரு மாதிரி ஆயிடும். நாங்கெல்லாம் ஒண்ணும் சொல்றதில்ல." பிறகு தேசப்பன் பக்கம் திரும்பி, அதே ராகத்தில் இழுத்தார். "இன்னாடா தேசா, உன் பொண்டாட்டி கட்னதாம் இந்தப் பாட்டு. துலுக்காணம்னா நம்ம ஆத்தா பேருதானே?"

நிறுத்தினார். அந்த ஒரு மூச்சு இடம்.

"ஆமா" என்றான் தேசப்பன்.

எதற்கு ஆமா? பெண்டாட்டி கட்டினதற்கா, ஆத்தா பேர் என்றதற்கா? இரண்டும் உண்மைதான். அதுதான் அதிலிருந்த அசிங்கம். இந்தத் தடவை வாய் தானாகத் திறக்கவில்லை. வாத்தியார் பேசி முடிப்பதற்குள்ளேயே தேசப்பனுக்குப் புரிந்துவிட்டது, எந்தப் பக்கம் இழுத்தாலும் வருகிற வார்த்தை தன்னிடம் ஒன்று இருக்கிறதென்று. தெரிந்தேதான் சொன்னான். பெண்டாட்டி கேட்டால், உன்னைத்தான் சொன்னேன் என்பான். வாத்தியார் கேட்டால், ஆத்தாளைச் சொன்னேன் என்பான். இப்படி ஒரு பிழைப்பு.

துலுக்காணம் கிரேஸைப் பார்த்துச் சொன்னாள்: "பாத்தியாம்மா. இந்தாளு வாயில இருக்கறது ஒரே ஒரு வார்த்த. அதயும் ரெண்டு பேருக்கும் பங்கு வெச்சிட்டான்."

சுவரோரத்தில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். கிரேஸ் சிரிக்கவில்லை. மைக்கைத் தேசப்பன் முகத்துக்கு நேராகக் கொண்டுவந்தார்.

"வேற எதுவும் வேணாம். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இந்தப் பாட்டைக் கட்டினது உங்க மனைவிதானா?"

இதில் இரண்டு பக்கம் இல்லை. வாத்தியாரின் முட்டி தேசப்பன் முட்டியைத் தொட்டது. மல்லிகைச் சென்ட் மூக்கில் ஏறியது. கோஷ்டியை விட்டால் தேசப்பன் யார்? பம்பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்வரைதான் அவனைப் பார்த்தும் நாலு பேர் கும்பிடுகிறார்கள். இல்லாவிட்டால் அவன் மில்லுக்காரி புருஷன். இதெல்லாம் ஒரு மூச்சுக்குள் அவன் மண்டையில் ஓடியது. சொல்லத்தான் போனான். அடுத்த மூச்சில் சொல்லியிருப்பான். ஆனால் ஆமா என்பது அந்த மூச்சிலேயே விழவேண்டிய வார்த்தை. அவனைவிட அது யாருக்குத் தெரியும்? தேசப்பன் பிந்திவிட்டான்.

துலுக்காணம் அவனைப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டினால்கூடத் தேவலை. குழைந்துபோன நெல்லைக் களத்திலிருந்து ஒதுக்கும்போது அவளுக்கு ஒரு பார்வை உண்டு, அப்படி ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"டேப்பு இன்னும் எவ்ளோ கீதும்மா?"

"ஒரு நாலு நிமிஷம் வரும்" என்றார் கிரேஸ்.

"அத எனக்குக் குடு."

"நம்ம ஊட்டுக்குள்ள வந்து…" என்று வாத்தியார் எழப்போனார். அவர் சம்சாரம் கனகாம்பாள், காபித் தம்ளரை அடுக்கிக்கொண்டிருந்தவள், தலைநிமிராமலே, "உக்காருங்க. இவ்ளோ நேரம் நீங்க பேசினீங்கல்ல" என்றாள். ஏனென்று தெரியாது, அவர் உட்கார்ந்துவிட்டார். வெளியூர் மனுஷி முன்னால் மரியாதை போய்விடும் என்றிருக்கலாம்.

துலுக்காணம் மைக்குக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். பம்பை கேட்கவில்லை. உடுக்கை கேட்கவில்லை. தொடையில் தாளம் போட்டுக்கொண்டு, அங்கேயே, அப்போதே கட்டிப் பாடினாள்.

ஆத்தாளும் நானில்ல அவபேரு எம்பேரு
எம்பேரு நிஜம்சொல்ல மில்லுக்காரி வந்தேனே
வந்தவளைக் கோயிலுன்னு வெள்ளத்தில விட்டாரே
விட்டாலும் மெதந்துவந்து வெயில்காயும் நெல்லானேன்
நெல்லான எம்மகனை நெருப்பாவி தின்னுருச்சே

தேசப்பனின் கை பழக்கதோஷத்தில் சிலம்பைத் தேடியது. சிலம்பை எடுக்கவில்லை, கையை மடியில் போட்டுக்கொண்டான். ஆனால் ஒன்று மட்டும் செய்துவிட வேண்டும் என்று நினைத்தான். இந்தப் பாட்டில், இந்த டேப்பில், ஓர் அடிக்காவது ஆமா போட்டுவிட வேண்டும். என் பெண்டாட்டிதான் கட்டினாள் என்று சொல்ல வராத வாய்க்கு இந்த ஒரு வேலை செய்யத் தெரியும். எந்த வித்துவானுக்கும் இல்லாத சுத்தத்தோடு செய்யத் தெரியும். அவள் ஓர் அடி முடித்து மூச்சு வாங்கட்டும், போட்டுவிடலாம். வாயைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

அவளுக்கு எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். இருபது வருஷம் அவள் பாட, அவன் கேட்டு மனப்பாடம் செய்தவன். அடி முடிகிற இடம் வந்தது. முடியவில்லை. அந்த அடியின் கடைசி வார்த்தையைப் பிடித்து இழுத்து அடுத்த அடியின் தலையில் வைத்துக் கட்டினாள். அது முடிகிற இடத்தில் இன்னொன்று. மூச்சு முட்டி அவள் கழுத்து நரம்பு புடைத்தது, குரல் பிசிறியது, ஆனாலும் நிறுத்தவில்லை. பிள்ளையின் பேர் வந்தது, ஊர் வந்தது, மில் வந்தது, பதினோரு பாட்டின் முதல் அடிகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கிரேஸ் எழுதுவதை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். வாத்தியார் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாடா தீர்ந்து, சக்கரம் வெறுமனே சுற்ற ஆரம்பித்த பிறகும் துலுக்காணம் பாடிக்கொண்டிருந்தாள். தேசப்பன் திறந்த வாயோடு உட்கார்ந்திருந்தான். ஆமா போட அவள் கடைசிவரைக்கும் இடம் விடவில்லை.